ரெண்டையும் சேத்துப் பாத்தா

இல்ல சாரே, நீங்க வெயில்ல நிக்காண்டாம், இந்த வேப்பமரத்து நெழலுக்கு வாங்க. டயரு மாத்த எப்படியும் நேரம் எடுக்கும். உங்க டிரைவரு பகவதியப்பன் அண்ணாச்சி இப்பந்தான் ஜாக்கியத் தேடி டிக்கியக் கலைச்சிட்டு நிக்காரு. அதுவரைக்கும் எனக்க பேச்சக் கொஞ்சம் கேளுங்க. ஆஸ்பத்திரிக்கு உள்ள வச்சு வாயத் தொறக்கும்போதெல்லாம் சிஸ்டர் அடுத்த ஆள விளிச்சிட்டாவ. குத்தமா சொல்லல்ல. வாரத்துல வியாழனும் வெள்ளியும் மட்டும் திருவனந்தபுரத்துல இருந்து வாற டாக்டரு நீங்க. இந்த ஜில்லாவுல மூத்திரம் அடச்ச ஆளு பூரா இந்த வராந்தாவுலதானே கெடக்கு.

நானா? குளச்சல் கபிரியேலுக்க தம்பி. ஆமா, அந்த உயரமான ஆளு, வெள்ள மீச. போன வியாழக்கெழம நீங்க அவருக்க ரத்த ரிப்போர்ட்டையும் எம்ஆர்ஐ படத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்துட்டு, ஊசி போட்டுச் சத எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னு சொன்னியள்லா, அவருதான். ஊசி நாளைக்குக் காலைல. அதுக்கு முன்னால திங்கதுக்கு மாத்திர வாங்கத்தான் இன்னைக்கு ரெண்டு பேருமா வந்தோம். அன்னா, கேட்டுக்குப் பக்கத்துல நொங்கு வண்டிக்கிட்ட நிக்காரு பாருங்க. நான் உங்ககிட்ட மாத்திரய சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேட்டிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டு நிக்காரு.

கேன்சருன்னு நீங்க சொல்லல்ல, அது செரி. சந்தேகம்னுதான் சொன்னிய. ஆனா எங்க கடக்கரையில, டாக்டரு சந்தேகம்னு சொன்னாருன்னு கேட்டா அடுத்த வீட்டுக்காரி அன்னைக்கே கஞ்சி வச்சுக் கொண்டு வருவா. கிளாரா மைனி, அண்ணனுக்க பெஞ்சாதி, அந்தக் கஞ்சியப் பாத்துத்தான் அழ ஆரம்பிச்சா. அதுவரைக்கும் தைரியமாத்தான் இருந்தா.

நீங்க வெளக்குனது எனக்கு நல்லா வெளங்கிச்சு சாரே. ரத்தத்துல பிஎஸ்ஏன்னு ஒண்ணு இருக்கு, நாலுக்கு மேல போனா நோக்கணும், அண்ணனுக்கு ஏழர. ஆனா ரத்தத்த மட்டும் வச்சு முடிவு சொல்லப்பிடாது, வயசானா மூத்திரப் பைக்கு அடியில உள்ள சுரப்பி சும்மாவே வீங்கும், வீங்குனாலும் நம்பர் ஏறும், மூத்திரத்துல சீழு இருந்தாலும் ஏறும், அதனால படமும் வேணும்னு சொன்னிய. வீட்டுல போய் மைனிக்கு நான் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். மைனி, கடல்ல பறவ கூட்டமா சுத்துனா அடியில மீனு கெடக்குன்னு நெனைக்கோம். செல நேரம் கெடக்கும். செல நேரம் எவனோ எறிஞ்ச எச்சிச் சோத்துக்குச் சுத்தும். அதனால எக்கோ மிசின்ல பாக்கோம். மிசினும் செல நேரம் பாறையப் போயி மீனுன்னு காட்டும். மேல பறவயும் சுத்தி, கீழ மிசின்லயும் தெரிஞ்சா, ரெண்டையும் சேத்துப் பாத்து வலய எறக்கணும். ரத்தம் பறவ, படம் மிசின்னு சொன்னேன். மைனி எல்லாத்தையும் நல்லாக் கேட்டிட்டு, அப்பம் மீனு கெடக்கா இல்லியான்னு கேட்டா.

அதுல ஒரு கணக்கும் போட்டிய. ரத்தத்துல வந்த நம்பர, படத்துல தெரிஞ்ச சுரப்பிக்க அளவால வகுத்திய. பெரிய சுரப்பின்னா ஏழர வந்தாலும் அம்பிடு பேடிக்காண்டாம், இது சின்னச் சுரப்பி, சின்னதுக்கு ஏழர ஜாஸ்தின்னு சொன்னிய. போதாததுக்கு படத்துல ஒரு மூலையில கறுப்பா ஒரு புள்ளி. சந்தேகத்துக்கு மார்க்கு போடுததுல அதுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டு விட்டிருக்காவ. எங்க குடும்பத்துல ஒருத்தரு முழு மார்க்கு வாங்குனது அதுதான் மொதல் தடவ. நான் அங்க வச்சே அண்ணன்கிட்ட இதச் சொன்னேன். அவரு சிரிக்கல்ல. என்னத் திரும்பிப் பாத்துட்டே இருந்தாரு. நான் வெளையாட்டுக்குச் சொன்னது புடிக்கல்ல போலன்னு நெனச்சேன்.

அண்ணனப் பத்தி ஒரு காரியம் சொல்லணும், அப்பந்தான் மத்தது வெளங்கும். இல்ல, சுத்தி வளைக்கல்ல சாரே, அண்ணாச்சி இன்னும் ஒரு நட்டுகூடக் கழத்தல்ல, பாருங்க. அண்ணன் கடல்ல எதுக்கும் பேடிக்காத ஆளு. சுனாமி வந்த அன்னைக்கு மைனியையும் மைனிக்க அம்மையையும் இழுத்துட்டு ஓடிப் பள்ளிக்கூடத்து மாடியில ஏத்திட்டு, திரும்பவும் எறங்கி என்னத் தேடி வந்த ஆளு. எனக்கு அப்பன் மொகம் ஓர்மையில்ல. அண்ணன் மொகந்தான் ஓர்ம.

ஆனா ஒரு எடம் அடச்சிருந்தா அவரு வேற ஆளு. எளவட்டத்துல கொச்சிப் பக்கம் விசைப்படகுல தொழிலுக்குப் போயிருக்காரு. மீனு போடுத ஐஸ் அறைக்குள்ள எறங்கி நெய்மீன அடுக்கிட்டு நிக்கும்போ, ஒரு அலையில மேல மூடி விழுந்து அடஞ்சிட்டு. இஞ்சின் சத்தத்துல இவரு போட்ட கூப்பாடு யாருக்கும் கேக்கல்ல. சாயங்காலம் டீ ஊத்தும்போ ஒரு கிளாஸு மிச்சம் இருக்கத பாத்துத்தான், ஏலே கபிரியேல எங்கன்னு தேடியிருக்காவ. தூக்கி எடுத்தப்பம் மீசயில ஐஸு. அந்த டீயக் குடிச்சிட்டு மேல போயி படுத்தாராம்.

அதுக்குப் பொறவு அவரு எந்தக் கதவையும் சாத்தல்ல. வீட்டுல கக்கூசுக் கதவகூடச் சாத்த மாட்டாரு. உள்ள ஆளு இருக்குன்னு தெரியணும்லா, அதுக்காகச் சத்தமா மாதா பாட்டு படிப்பாரு. பாட்டு கேட்டா நாங்க யாரும் அந்தப் பக்கம் போவ மாட்டோம். வீட்டுக்கு வாற விருந்தாளுவ, கபிரியேல் வல்லிய பக்தி உள்ள மனுசன்னு சொல்லிட்டுப் போவாவ. நாங்க ஆமான்னு சொல்லி வச்சிருவோம்.

அதனால அடச்ச எடம்னா அவருக்குப் பதிலா நான்தான். ஏடிஎம்முக்குள்ள நான். லிப்டுன்னா நான் போய் சோலிய முடிச்சிட்டு எறங்குவேன், அவரு அதுக்குள்ள பாதிப் படி ஏறியிருப்பாரு. இது எங்களுக்கு ஒரு தப்பாவே தெரிஞ்சதில்ல. எங்க ஊருக்க வழக்கம் அப்படி. திருநாளுக்குப் பந்தல் நாட்ட, கொடிமரம் நாட்ட, குடும்பத்துக்கு ஒரு ஆளு வரணும். கோயில் முற்றத்துல நின்னு கமிட்டிக்காரரு ஒவ்வொரு குடும்பத்தலைவரு பேரா விளிப்பாரு. நாங்க ரெண்டு வீடா இருந்தாலும் கோயில் கணக்குக்கு ஒரே குடும்பம், பேரு அண்ணனுக்க பேரு. கபிரியேல்னு விளிச்சா, அண்ணன் கடல்ல கெடந்தா, நான் எந்திச்சு நின்னு ஓன்னு சொல்லுவேன். அம்பிடுதான், கபிரியேல் வந்தாச்சு. யாரும் மொகத்தப் பாக்க மாட்டாவ. வேல செய்யக் கையி வந்தாச்சுல்லா.

இனி எம்ஆர்ஐக்கு வாறேன்.

டவுண்ல அந்த ஸ்கேன் சென்டருக்கு ரெண்டு பேரும் போனோம். வாசல்ல இருந்து பாத்தாலே அந்தக் குழாய் தெரிஞ்சுது. வெள்ளையா, வட்டமா, ஒரு ஆளு கெடக்கதுக்குக் கணக்கா ஓட்ட. அண்ணன் பாத்தாரு. செருப்பப் போட்டாரு. ரோட்டத் தாண்டி டீக்கடையில போயி நின்னுட்டாரு. நான் பின்னால போயி விளிச்சேன். ஏலே, என்னக் கொன்னு வேணும்னா அதுல வையி, உயிரோட போவ மாட்டேன்னு சொல்லிட்டாரு. கிளாஸுல இருந்த டீ பாதி சட்டையில. கடலுக்க அடியில போயி பொணம் தூக்கிட்டு வந்த கையி சாரே அது.

பொறவு எப்படிப் படம் வந்துச்சுன்னா கேக்கிய? வந்துச்சுல்லா. உங்க மேசையில வந்துச்சுல்லா. மயக்க மருந்தெல்லாம் குடுக்கல்ல. அப்படி ஒண்ணு குடுக்கலாம்னே இப்பம் நீங்க சொல்லித்தான் தெரியும். அன்னைக்கு நாங்க கேக்கல்ல. கேக்கத் தோணல்ல.

உள்ள வல்லிய தணுப்பு. கழுத்துல கெடந்த மாதா சுரூபத்தையும் அரஞாணையும் கழத்தி வாங்கிருவாவ. கையில ஒரு ஊசி, அதுல மருந்து ஏறும்போ கையி வழியா ஐஸு போவுதது தெரியும். அசையப்பிடாதுன்னு ஒரு பொண்ணு காதுக்குள்ள சொல்லும். பொறவு ஒரு சத்தம், படகுக்க அடியத் தட்டித் துருவெடுக்க மாதிரி. நிக்கும். இனி முடிஞ்சுதுன்னு மூச்சு விடும்போ அடுத்த பக்கம் தட்ட ஆரம்பிக்கும். மூக்கு அரிச்சா மாதாவ நெனச்சுட்டுக் கெடக்க வேண்டியதுதான்.

எனக்கு எப்படித் தெரியும்னா? பொறவு சொல்லுகேன். மொதல்ல இந்த ஒரு வாரம் நடந்ததக் கேளுங்க.

இங்க இருந்து போன அன்னைக்கு ராத்திரி மைனி பார மீனுக்க தல போட்டுக் குழம்பு வச்சிருந்தா. எங்க வீட்டுல மீன் தல அண்ணனுக்கு. அது எங்கம்மை காலத்துல இருந்து உள்ள சட்டம். அன்னைக்குத் தலய அப்படியே தூக்கி எனக்க தட்டுல வச்சாரு. நான் வேண்டாம்னேன். தின்னுலேன்னு ஒரு ஏச்சு ஏசிட்டு, திங்குதது வரைக்கும் எதிர்ல இருந்து பாத்தாரு. கண்ணுல வெள்ளம். எரிவு கூடிப்போச்சுன்னு மைனியக் குத்தம் சொன்னாரு. அவரு அந்தக் குழம்பத் தொடவே இல்ல.

மறுநாளு போட்டுல என்ன வலய இழுக்க விடல்ல. நீ சுக்கானப் புடி, இருந்துட்டே புடின்னாரு. நான், அண்ணே, தீனம் உங்களுக்கு, நீங்க இருங்கன்னு சொன்னேன். மறுபக்கம் திரும்பி வலய இழுக்க ஆரம்பிச்சிட்டாரு. அன்னையில இருந்து ஒரே கேள்வி. ஏலே, ராத்திரி எத்தன தடவ எந்திச்சுப் போற? அடைப்பு உண்டுமா? எரிச்சல் உண்டுமா? முதுகு வலிக்கா? தனக்கு வந்திருக்கு, தன்னப்போல எனக்கும் வந்திரப்பிடாதுன்னு கேக்காருன்னு நெனச்சேன். கூடப்பெறந்தவனுக்கும் வரும்னு நீங்களும் சொல்லியிருந்தியள்லா.

ஞாயித்துக்கெழம பூசைக்குப் பொறவு தெங்குக்க மூட்டுல ஒதுங்குனேன். பின்னால யாரோ நிக்க மாதிரி. திரும்பிப் பாத்தா அண்ணன். காதக் கூர்மையாக்கிட்டு நிக்காரு, பூசையில வாசகம் கேக்க மாதிரி. என்ன அண்ணேன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் விழுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஐம்பத்தெட்டு வயசுல மூத்திரம் போறதுக்கு ஒருத்தரு என்னப் பாராட்டுனது அதுதான்.

ஊருல எல்லாரும் சொன்னாவ, கபிரியேலுக்கு சாவு பேடி வந்துட்டுன்னு. எனக்க வீட்டுக்காரியும் அதத்தான் சொன்னா. எனக்கு ஒரு வகையில வெசனமாவும் ஒரு வகையில வெக்கமாவும் இருந்துச்சு. இம்பிடு பெரிய மனுசன் இப்படி ஒடஞ்சு போயிட்டாரேன்னு.

நேத்து சாயங்காலம் நான் அவரு வீட்டுக் கக்கூசுக்குப் போனேன், எங்க வீட்டுக் குழாயில வெள்ளம் வரல்ல. பாட்டு கேக்கல்ல, அப்பம் உள்ள ஆளில்லன்னுதானே அர்த்தம். கதவு தொறந்து கெடக்கு. கிட்டப் போன பொறவுதான் அண்ணனுக்க கொரலு கேட்டுச்சு. பாட்டில்ல. சுவரப் பாத்துட்டு, மெதுவா, பக்கத்துல நிக்க ஆளுகிட்டப் பேசுத மாதிரி மாதாகிட்டப் பேசிட்டு இருக்காரு. மாதாவே, அந்தப் புள்ளி எனக்கு வரட்டும். பேரு எனக்க பேருதானே. பேருல உள்ள ஆளுக்கே குடுத்திரு. அவன் எனக்கு வேண்டிப் போயிக் கெடந்தவன், அவன விட்டிருன்னு சொல்லுகாரு.

நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். வந்த சோலி மறந்து போச்சு.

ஆமா சாரே. அந்தக் குழாய்க்குள்ள கெடந்தது நான். அண்ணன் டீக்கடையில நிக்காரு, நான் மட்டும் திரும்பி வந்து பெஞ்சுல இருக்கேன், உள்ள இருந்து கபிரியேல்னு விளிச்சாவ, நான் எந்திச்சு ஓன்னு சொன்னேன். உள்ள ஒரு பொண்ணு வயசு அறுபத்திமூணான்னு கேட்டா, மண்டய ஆட்டுனேன். படந்தானே, ஒரே வயித்துல பெறந்தவங்களுக்கு உள்ள மட்டும் என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போவுதுன்னு நெனச்சேன்.

ஏசுங்க. ஏசுவியன்னு தெரியும். காலைல இருந்து நானே என்ன ஏசிட்டுத்தான் இருக்கேன். பறவ சுத்துனது அவருக்க கடல்ல, மிசின் போட்டுப் பாத்தது எனக்க கடல்ல. அவருக்க ஏழரய எனக்க சுரப்பிய வச்சு வகுத்திருக்கிய. உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல, கணக்குல ரெண்டு ஆளு இருந்தத நீங்க எப்படிக் காணுவிய?

அந்தப் புள்ளி எனக்கதுன்னு எனக்கு மொதல்லயே தோணல்லியான்னா? எப்படிச் சொல்லது சாரே. பேரு அவருக்க பேரு. பந்தல் நாட்டுனா அது கபிரியேல் நாட்டுனது. படம் எடுத்தா அது கபிரியேலுக்க படம். அம்பிடோட விட்டுட்டேன். மைனிக்குப் பறவயையும் மிசினையும் வச்சு வெளக்குத புத்தி இருந்துச்சு, இது மட்டும் மண்டயில ஏறல்ல. ஏற விடல்லன்னு சொன்னாத்தான் செரி. அண்ணனுக்கு நீங்க அஞ்சுக்கு அஞ்சுன்னு சொன்ன ஒடனே வெளங்கிட்டு. அதான் அன்னைக்கு என்ன அப்படித் திரும்பிப் பாத்தாரு.

நாளைக்கு அவரு ஊசிக்கு வந்து படுக்கத்தான் போறாரு. எனக்கிட்டச் சொல்ல அவருக்கு வாயி வரல்ல. உங்ககிட்டச் சொன்னா நீங்க என்ன உள்ள விளிப்பிய, அப்பமும் எனக்குத் தெரிஞ்சிரும். அதனால தனக்க ஒடம்பக் காட்டிட்டுப் படுத்திருவாரு. நீங்க எனக்க படத்தப் பாத்து அவருக்க சதயில குத்துவிய. அங்க ஒண்ணும் இருக்காது. எல்லாரும் மாதாவுக்குத் தோத்திரம் சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம், நான் மீன் தலயும் தின்னுட்டு கெடப்பேன். அத நெனச்சுத்தான் ஒறங்காம வந்தேன். எனக்குப் பேடி இல்லன்னு சொன்னா பொய். நல்ல பேடிதான். ஆனா அவரு ஒத்தைக்குக் கெடந்து பேடிக்கத என்னால பாக்க முடியல்ல.

எனக்க ரத்தத்த நீங்க இன்னும் பாக்கல்ல. அத எடுங்க. எனக்க நம்பர எனக்க சுரப்பியால வகுத்துப் பாருங்க, பொறவு ஊசி எனக்குப் போடுங்க. அண்ணனுக்கு அவருக்க ஏழர அப்படியே நிக்கில்லா, அவருக்கும் படம் வேணும். நீங்க சொன்ன அந்த மயக்க மருந்து குடுத்து எடுங்க. போதம் போறது வரைக்கும் நான் பக்கத்துல நின்னு காலப் புடிச்சிட்டு இருப்பேன். வேணும்னா மாதா பாட்டும் படிக்கேன்.

அன்னா, டயரு மாத்தியாச்சு போல. அண்ணாச்சி, அந்தப் பழைய டயர ஒட்டக் குடுத்திராதிய, அதுல ஓட்ட ஒண்ணும் இல்ல, காத்து அடிச்சாப் போதும். எப்படித் தெரியும்னு கேக்காண்டாம் சாரே, உங்கள வேற எப்படித்தான் ஒரு எடத்துல நிப்பாட்ட?

அண்ணன் கையக் காட்டுகாரு பாத்தியளா? கையில ஒரு நொங்கு வச்சிருக்காரு, அது எனக்குள்ளது. நான் போறேன். இதெல்லாம் எனக்குத் தெரியும்னு இப்பம் அவருக்குத் தெரியாண்டாம், ராத்திரியாவது ஒறங்கட்டும். நாளைக்கு ரெண்டு பேரும் வருவோம். சிஸ்டர்கிட்டச் சொல்லி வையிங்க, கபிரியேல்னு விளிக்காண்டாம், விளிச்சா அந்த மனுசன் எந்திச்சிருவாரு. எனக்க பேரா? சிலுவைதாசன். அந்தப் பேரச் சொல்லி விளிங்க, நான் எந்திச்சு வாறேன்.